வெள்ளியின் எடையும் வெள்ளியின் பெயரும்

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை ஓர் அவுன்ஸுக்கு 50 அமெரிக்க டொலரைத் தாண்டியது. 1980ஆம் ஆண்டு ஜனவரியில் எட்டிய உச்சத்தை முறியடிக்க அதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. தங்கம் ஏறினால் நாடே பேசும். வெள்ளி ஏறினால் யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் பெட்டகங்களின் அடியில் பழந்துணியில் சுற்றிக் கிடக்கும் கொலுசும் தண்டையும் அரைஞாண்கொடியும் அப்போது மெல்ல வெளியே வருகின்றன. வெளியே வந்தவை நகைக்கடைத் தராசில் ஏறுகின்றன. தராசிலிருந்து மூசைக்குப் போகின்றன. அத்தோடு அவற்றின் கதை முடிந்துவிடுகிறது.

1980இலும் இதுவே நடந்தது. அமெரிக்கக் கோடீஸ்வரர்களான ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்து விலையை வானுக்கு ஏற்றியபோது, மேல்நாட்டுக் குடும்பங்கள் பரம்பரை பரம்பரையாக வைத்திருந்த தேநீர்க் கிண்ணங்களையும் மெழுகுவர்த்தித் தண்டுகளையும் எடுத்துக்கொண்டு உருக்குபவர்களிடம் வரிசையில் நின்றன. அவ்வாண்டு மார்ச் 27ஆம் திகதி விலை சரிந்தது. உருகிய கலைப்பொருட்கள் உருகியவையே. விலை மட்டும் மீண்டும் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது.

உருக்கப்படாமல் தப்பும் வெள்ளி எது, உருக்கப்படும் வெள்ளி எது என்ற கேள்வி நீண்ட நாட்களாக என் மனதில் இருக்கிறது. இரண்டும் ஒரே உலோகம். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு என்பது மேல்நாட்டுக் கணக்கு. எங்கள் பாட்டிமாரின் வெள்ளியும் தரத்தில் அதற்குப் பெரிதும் குறைந்ததல்ல. 1872 முதல் இலங்கையில் இந்திய ரூபாயே சட்டபூர்வ நாணயமாகப் புழங்கியது. அந்த வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. ரூபாயைக் கொடுத்துக் கொலுசு செய்விப்பது அந்நாளைய வழக்கம். 1940இல் இந்திய அரசு ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைக்கும்வரை தட்டாரின் பட்டறைக்கு அதைவிட நம்பிக்கையான மூலப்பொருள் வேறு இருக்கவில்லை.

ஆகவே வேறுபாடு உலோகத்தில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்பதைக் காட்ட ஒரு பெண்மணியின் கதையைச் சொல்கிறேன்.

எல்சா பெரெட்டி 1940ஆம் ஆண்டு இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் செல்வந்தர் வீட்டில் பிறந்தவர். குடும்பத்தோடு முரண்பட்டு வெளியேறி, பார்சலோனாவில் ஆடை விளம்பர அழகியாக வாழ்ந்து, 1968இல் நியூயோர்க் போய்ச் சேர்ந்தார். அங்கே ஆடை வடிவமைப்பாளர்களுக்காக நகை செய்யத் தொடங்கினார். பழம்பொருட் சந்தையில் கண்ட ஒரு சிறு பூச்சாடியை மனதிற்கொண்டு, ஒற்றைப் பூவைச் செருகக்கூடிய வெள்ளிப் பதக்கம் ஒன்றை வரைந்தார். அதைச் செய்து கொடுத்தவர் ஸ்பெயின் நாட்டு வெள்ளித் தொழிலாளி ஒருவர். ஜோர்ஜியோ டி சாந்தாஞ்சலோ என்ற ஆடை வடிவமைப்பாளரின் காட்சியில் அதை அணிந்து வந்த பெண்ணைப் பார்த்தவர்கள் ஆடையை விட்டுப் பதக்கத்தைக் கேட்டார்கள். அடுத்து ஹோல்ஸ்டன். ஜாக்குலின் கென்னடிக்குத் தொப்பி செய்து புகழடைந்து, பின்னர் 1970களில் அமெரிக்க உடை நாகரிகத்தையே தன் கையில் வைத்திருந்தவர் அவர். அவருடைய ஆடைகளுக்காகப் பெரெட்டி செய்த வெள்ளி நகைகளில் கல் இல்லை; பூவேலை இல்லை; கம்பிச் சித்திரம் இல்லை. உடம்பின் வளைவை மட்டும் பின்பற்றும் வழுவழுப்பான வெள்ளி.

அவற்றுள் பெயர் பெற்றது 'எலும்புக் காப்பு'. மணிக்கட்டு எலும்பின் மேட்டுக்கு இடங்கொடுத்து வளையும் காப்பு அது. இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு வேறொன்று. சிறு வயதில் உரோமாபுரியில் கப்புச்சின் துறவிகளின் எலும்புகள் அடுக்கிய நிலவறைக் கோயிலுக்குச் சென்ற நினைவும், பார்சலோனாவில் கௌடி கட்டிய கட்டடங்களின் வளைவுகளும் சேர்ந்து அந்தக் காப்பு பிறந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

1974இல் ஹோல்ஸ்டன் அவரை டிஃபனி நிறுவனத்திடம் அழைத்துச் சென்றார். அந்தப் பெரிய நகைக்கடை அப்போது ஏறத்தாழக் கால் நூற்றாண்டாக வெள்ளி நகை விற்றதில்லை. வெள்ளி ஏழைகளின் உலோகம் என்பது அவர்களது எண்ணமும்தான். பெரெட்டியின் எண்ணம் வேறு. சம்பளம் வாங்கும் பெண் ஒருத்தி, கணவனோ தந்தையோ வாங்கித் தரும்வரை காத்திராமல், தானே போய் வாங்கிக்கொள்ளும் நகையாக அவர் வெள்ளியைப் பார்த்தார். நகைகள் அவருடைய பெயராலேயே விற்கப்பட்டன. கையொப்பம் ஒவ்வொன்றிலும் பொறிக்கப்பட்டது. 2009இல் பிரித்தானிய அருங்காட்சியகம் அவருடைய 30 படைப்புகளைத் தன் நிரந்தரத் தொகுப்பில் சேர்த்தது. 2012இல் அவருடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க டிஃபனி நிறுவனம் கொடுத்த தொகை நாலு கோடியே எழுபது இலட்சம் டொலருக்கும் மேல். அக்காலத்தில் அந்நிறுவனத்தின் விற்பனையில் பத்தில் ஒரு பங்கு அவருடைய பெயர் தாங்கிய நகைகளிலிருந்தே வந்தது. 2021 மார்ச் மாதம் 18ஆம் திகதி, ஸ்பெயினில் தாம் வீடு வீடாகச் செப்பனிட்டு உயிர்ப்பித்த சாந்த் மார்த்தி வெல் என்னும் சிற்றூரில் அவர் காலமானார்.

இப்பொழுது அந்த 1970களின் காப்புகளை 'விண்டேஜ்' என்று சொல்லிச் சேகரிப்போர் தேடி வாங்குகிறார்கள். வெள்ளி 50 டொலர் என்ன, 100 டொலர் ஆனாலும் அவற்றை உருக்க யாருக்கும் மனம் வராது. காரணம் எளிது. காப்பின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் அங்கே ஒரு பெயர் இருக்கிறது. எடைக்கு மேலான விலை அந்தப் பெயரிலிருந்தே வருகிறது.

இனி எங்கள் பக்கம் வருவோம்.

மாம்புரி, புத்தளம் மாவட்டத்தில் பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதியில் உள்ள கரையோரக் கிராமம். மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே மணல். அருகே நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம். சற்று அப்பால் தலவில் அன்னம்மாள் ஆலயம். 2010 தொடக்கம் மாம்புரிக் கரையில் காற்றாலைகள் சுழல்கின்றன. இந்தக் கரையில் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும், தமிழ் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும் கலந்து வாழ்கிறார்கள். இவர்கள் அனைவருக்கும் பொதுவான நகை வெள்ளிதான். கத்தோலிக்க வீடுகளில் வெள்ளிச் சிலுவையும் செபமாலையும். முஸ்லிம் ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டது. ஆகவே விரலில் வெள்ளி மோதிரம். குழந்தைகளுக்கு எல்லா வீடுகளிலும் கொலுசு. வெற்றிலை போடும் முதியோருக்குச் சங்கிலியில் தொங்கும் சுண்ணாம்புக் கரண்டகம்.

அந்தக் கரண்டகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும்படி, விரல் நுனியால் திறக்கும்படி, மடியில் செருகினால் உறுத்தாதபடி செய்யப்பட்டது. நெளிவில்லாத வெள்ளித் தண்டையும் அப்படித்தான். உடம்பு சொல்கிற வடிவம், வேண்டாத அலங்காரம் இல்லை. மேல்நாட்டு விமர்சகர்கள் 'நவீனத்துவம்' என்று எதைப் புகழ்கிறார்களோ அது எங்கள் கடற்கரையில் பழசு என்ற பெயரில் பெட்டிக்குள் கிடக்கிறது. பெரெட்டி நம்மைப் பார்த்துச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது பொய். ஒரே உலோகம், ஒரே மனித உடம்பு, ஒரே வகையான கைத்திறன் என்றால் விடையும் சில வேளை ஒன்றாக இருக்கும் என்பதே நான் சொல்வது.

மாம்புரியில் எனக்குத் தெரிந்த ஒரு மூதாட்டி இருக்கிறார். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வட மாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து படகில் கற்பிட்டிக் கரைக்கு வந்தவர் அவர். அந்த வெளியேற்றத்தைப் பற்றி நான் பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் எழுதியதுண்டு. முகாம்களுக்குப் பலமுறை சென்றதுண்டு. யாழ்ப்பாணத்தவருக்கு இரண்டு மணி நேரமே கொடுக்கப்பட்டது. பெண்களின் கழுத்திலும் காதிலும் கையிலும் கிடந்தவை வழியிலேயே கழற்றி வாங்கப்பட்டன. வீடு, காணி, கடை போனதற்கு உறுதி எழுதியிருக்கும். இழப்பைக் கணக்கிட ஒரு தாளாவது இருக்கும். நகை போனதற்கு எந்தத் தாளும் இல்லை. எத்தனை பவுண் என்று மட்டும் அப்பெண்கள் சொல்வார்கள். எப்படியிருந்தது என்று கேட்டால் கைகளால் காற்றில் வரைந்து காட்டுவார்கள். அந்த வரைதலை எந்தப் படிவத்திலும் நிரப்ப முடியாது.

இந்த மூதாட்டிக்கு மிஞ்சியது கைக்குழந்தையின் அரையில் கிடந்த வெள்ளி அரைஞாண்கொடி ஒன்றுதான். அந்தக் குழந்தைக்கு இன்று முப்பத்தாறு வயது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் வீட்டில் இருந்த மற்றதெல்லாம் அடைவு கடைக்குப் போய்த் திரும்பவில்லை. வெள்ளி விலை ஏறிய செய்தி கேட்டு, கொடியைப் பட்டினத்தில் நிறுத்துப் பார்த்தார்கள். பொற்பொடி, பற்று, பழசு என்று கழித்து ஒரு தொகை சொல்லப்பட்டது. கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார்.

கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருந்துக்குப் பணம் தேடும் ஒருவரிடம் பாரம்பரியத்தைப் பாதுகாக்கச் சொல்லும் உரிமை எனக்கோ வேறெவர்க்கோ இல்லை. வேறொன்று கேட்டேன். "இதைச் செய்தது யார்?"

"தட்டார்."

"அவர் பெயர்?"

"தட்டார் என்றுதான் எங்கள் உம்மா சொல்லுவா. பெயர் கேட்டதில்லை, தம்பி."

நான் எழுத வந்த விஷயம் இந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்துக்கே நகை செய்து கொடுத்தவர், பிறந்த குழந்தையின் அரையை நூலால் அளந்து கொடி செய்தவர், தொழிலின் பெயராலும் சாதியின் பெயராலும் மட்டுமே அறியப்பட்டார். பட்டடையும் ஊதுகுழலும் அவருடையவை. கம்பியை அச்சில் இழுத்த கை அவருடையது. பொடி வைத்து ஊதி, ஒட்டுத் தெரியாமல் வளையத்தை வளையத்தோடு சேர்த்த பொறுமை அவருடையது. பெயர் மட்டும் அவருக்கு இல்லை.

இந்த இடத்தில் ஒரு பெரியவரோடு மரியாதையாக மாறுபட வேண்டியிருக்கிறது. ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பிரிவின் தலைவராக ஊர் ஊராகச் சென்றபோது, கற்களைவிடக் கைவினைஞர்களே அவர் கண்ணில் பட்டனர். 1908இல் அவர் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' எனும் பெருநூல், கண்டி இராச்சியத்துப் பொன், வெள்ளி வேலைகளை முறைப்படி பதிவு செய்தது. இங்கிலாந்தில் பிராட் கம்டன் என்ற கிராமத்தில் இருந்த தம் இல்லத்திலேயே அச்சகத்தை நிறுவி 425 பிரதிகள் அச்சிட்டார். அந்த இல்லத்தைப் புதுப்பித்துக் கொடுத்தவர் சி. ஆர். ஆஷ்பீ. 1888இல் கைவினைச் சங்கம் ஒன்றை நிறுவி வெள்ளி நகையை மீண்டும் கையால் செய்யும் கலையாக்கப் பாடுபட்டவர் அவர். குமாரசுவாமி இல்லாவிட்டால் எங்கள் பொற்கொல்லர்களின் பழைய வேலைமுறைகளில் பாதி எழுத்திலேயே இருந்திராது. அந்தக் கடன் பெரியது.

எனினும், மரபுக் கலைஞன் பெயரற்றவனாக இருந்ததை அவர் ஒரு பெருமையாகவே கருதினார். தன்னை முன்னிறுத்தாத கலைஞன் என்பது அவருடைய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் இலட்சியம். தத்துவமாகப் பார்த்தால் அழகானது. ஆனால் மன்னார்த் தட்டார் பெயரைத் துறந்தவர் அல்லர். அவரிடம் எவரும் பெயர் கேட்கவில்லை. துறவுக்கும் புறக்கணிப்புக்கும் உள்ள வேறுபாடு பெரியது.

பெயரின்மை கீழைத்தேயத்துக்கே உரியது என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. இலண்டனில் துணிக்கும் ஆடைக்கும் பேர்போன லிபர்ட்டி நிறுவனம் 1899இல் 'கிம்ரிக்' என்ற பெயரில் வெள்ளிப் பொருட்களையும் நகைகளையும் விற்கத் தொடங்கியது. வடிவமைத்தவர்களின் பெயரைச் சொல்வதில்லை என்பது அக்கடையின் கொள்கை. அவற்றுட் சிறந்தவை பலவற்றை வரைந்தவர் மான் தீவைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் நொக்ஸ் என்ற ஆசிரியர். 1933இல் அவர் இறந்தபோது அவருடைய வெள்ளியை அணிந்தவர்கள் அவரை அறியவில்லை. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் கணக்கேடுகளையும் வரைபடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து அப்பெயரை மீட்டார்கள். இன்று நொக்ஸ் என்றால் அருங்காட்சியகங்கள் எழுந்து நிற்கின்றன. பெயர் தானாகத் திரும்பி வரவில்லை. யாரோ சிலர் உட்கார்ந்து தேடினார்கள். தேடுவதற்கு அங்கே ஏடுகளும் இருந்தன. இங்கிலாந்தில் 1363 முதலே வெள்ளிப் பொருளில் செய்தவரின் முத்திரை இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு கரண்டியைப் புரட்டினால் செய்தவர், ஊர், ஆண்டு எல்லாம் தெரியும். எங்கள் கொலுசைப் புரட்டினால் தேய்மானம் மட்டுமே தெரிகிறது.

வாசகர்கள் சிலர் கேட்பார்கள்: நகையை உருக்கி மறுநகை செய்வதும் நம் மரபுதானே என்று. உண்மை. தாயின் தண்டை உருகி மகளின் கொலுசானது. அதை நான் இழப்பாகக் கருதவில்லை. அன்று உருகிய வெள்ளி அதே தட்டாரின் மூசையிலிருந்து அதே வீட்டுக்கு வேறு வடிவில் திரும்பி வந்தது. எடை குறைந்தால் கேட்பதற்கு ஆள் இருந்தது. இன்று தராசில் ஏறும் பழைய வெள்ளி கட்டியாகி ஊரைவிட்டு, சில வேளை நாட்டைவிட்டே போகிறது. சூரிய மின்தகடுகளுக்கும் மின்னணுச் சாதனங்களுக்கும் ஆலைகள் வெள்ளியைத் தேடுவது இந்த விலையேற்றத்தின் காரணங்களுள் ஒன்று. சூரியனிலிருந்து மின்சாரம் எடுப்பது நல்ல காரியம். ஆனால் போன கொடி திரும்பி வருவதில்லை. தட்டாரின் மகனும் பட்டறையில் இல்லை. வார்ப்பு இயந்திரத்தில் வரும் கொலுசைக் கடையில் அட்டையோடு வாங்குகிறோம்.

எனவே என் வேண்டுகோள் விற்காதீர்கள் என்பதல்ல. விற்குமுன் எழுதி வையுங்கள் என்பதே. கையில் தொலைபேசி இல்லாத வீடு இன்று அரிது. நகையை வெள்ளைத் துணியில் வைத்து, பக்கத்தில் அடிமட்டம் ஒன்றையும் வைத்து, முன்னும் பின்னும் படம் எடுங்கள். கொக்கியையும் ஒட்டையும் தனியாக எடுங்கள். செய்தவரின் கை அங்கேதான் தெரியும். எடையைக் குறியுங்கள். அணிந்தவர் பெயர், எந்த ஊரில் எந்த ஆண்டளவில் செய்தது, என்ன சந்தர்ப்பம் என்பதை எழுதுங்கள். வீட்டில் அதை என்ன பெயரால் அழைத்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். நகையோடு சேர்ந்து அந்தச் சொல்லும் போய்விடும். முக்கியமாக, செய்தவரின் பெயரை விசாரியுங்கள். வயதானவர்கள் இருக்கும்போதே விசாரியுங்கள்.

பிரதேச நூலகங்களும் பள்ளிவாசல்களும் கோயில்களும் பங்கு மனைகளும் இதற்கென ஒரு கொப்பி வைத்தால் போதும். அரசாங்கம் செய்யும் என்று காத்திருந்தால் வெள்ளி காத்திராது. வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள் இதில் முந்திக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டவற்றின் வடிவம் இன்னும் சில மூதாட்டிகளின் கைகளில் மட்டும் இருக்கிறது. காற்றில் வரைந்து காட்டுகிறார்களே, அதை ஒரு பேரப்பிள்ளை பென்சிலால் தாளில் வரைந்துவிட்டால் அதுவும் ஆவணமே.

மாம்புரி மூதாட்டி கொடியை விற்றாரா என்பது அவருடைய குடும்ப விஷயம்; அதை இங்கே எழுதப் போவதில்லை. கொடியின் படங்கள், நீளம், எடை, கொக்கியின் அமைப்பு எல்லாம் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. 'செய்தவர்' என்ற இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. 1989, 1990ஆம் ஆண்டுகளில் மன்னார்ப் பட்டினத்தில் வெள்ளி வேலை செய்த பட்டறைகளை அறிந்த பெரியவர்கள் யாராவது இருந்தால், அந்தப் பெயர்களை எழுதி அனுப்புங்கள்.